இருபத்தேழு தலைக்கு மேல் தாங்காது

கடத்தூரில் என் கை படாத முகம் கிடையாது. தப்பாக நினைக்காதீர்கள். நான் பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவன். மாதவராஜ் டிஜிட்டல் என்றால் சந்தைக்கு வருகிறவர்களும் வழி சொல்வார்கள்.

பதினொரு வருஷமாக இதே வேலை. காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் பார்த்தாயிற்று. கறுத்தவரைச் சிவக்க வைத்திருக்கிறேன். வழுக்கையில் முடி நட்டிருக்கிறேன். சைக்கிள்கூட இல்லாதவரைக் காரில் சாய்ந்து நிற்க வைத்திருக்கிறேன். ஆனால் என் முகம் மட்டும் ஊர் பார்க்க ஒரு பேனரிலும் தொங்கியதில்லை. என் கல்யாணத்துக்கு வைத்த பேனரில் இருந்தது, வாஸ்தவம். அதன் மேல்தான் வாழைமரத்தைக் கட்டினார்கள்.

அதனால் பாப்பாவுக்குக் காதுகுத்து என்று நாள் குறித்த அன்றே ஒரு சபதம் எடுத்தேன். பன்னிரண்டடி அகலம், எட்டடி உயரம், ஒரு பேனர். நடுவில் நான். உச்சி முதல் பாதம் வரை எட்டடி. மற்றவர்கள் ஓரமாக இருந்து கொள்ளட்டும்.

இதற்கு ஒரே ஒரு தடை இருந்தது. அதன் பெயர் கோகிலவாணி. என் மனைவி. கடையில் முன் மேஜையில் உட்கார்ந்து ஆர்டர் வாங்குகிறவள். நான் உள்ளே கம்ப்யூட்டரில் இருப்பேன். முதலாளி யார் என்று யாராவது கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் அவளைக் கை காட்டுவோம்.

எங்கள் பக்கம் பேனரில் சொந்தக்காரர் முகம் விட்டுப்போனால் அது சாதாரணக் குற்றம் இல்லை. ஏழு வருஷம் பேச்சு நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். என் பக்கம் எண்ணினால் இருபத்துநாலு தலை. அவள் பக்கம் எண்ணப் புகுந்தால் அவள் பிறந்த ஊரான இண்டூரில் பாதி. அத்தனை பேரையும் ஏற்றினால் எனக்கு எட்டடி எங்கே கிடைக்கும்? எட்டு அங்குலம்தான்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது சும்மா இருந்திருக்கலாம்.

என் கம்ப்யூட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டது. உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது வேலையைத் தொடரும். இதற்கு ரெய்டு என்று பெயர். வருமான வரிக்காரர் வருவதில்லை, பயப்படாதீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரே டிஸ்க் இருந்த காலத்தில் அது செத்து, ஒரு கல்யாண பேனர் அதோடு போய், மாப்பிள்ளை வீட்டார் என்னைத் தேடிக் கடைக்கு வந்தார்கள். நான் கரும்புத் தோட்டத்தில் இருந்தேன். அங்கே பிறந்த ஞானம் இது.

அடுத்தது மெமரி. பந்தியில் இலை போட்ட இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தி நிறைந்துவிட்டால், சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் சிலர் வந்து நிற்பார்களே, அப்படி நிற்பதற்கு டிஸ்கில் ஒதுக்கி வைக்கிற இடம் ஸ்வாப். அது இருந்தால் நூறு தலை போட்ட பேனரையும் மெஷின் மெதுவாகத் தாங்கிவிடும். அது இல்லையென்றால் பந்தி நிறைந்த கணமே உறைந்து நிற்கும்.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அந்த ஸ்வாப்பை நிறுத்திவிட்டேன். பிறகு படங்களின் சைஸைக் கூட்டியும் குறைத்தும், சரியாக இருபத்தெட்டாவது தலையில் மெஷின் உறையும்படி பக்குவம் செய்தேன். இந்தப் பக்குவத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போயிற்று. ஏன் இருபத்தேழு? என் பக்கம் இருபத்துநாலு. பாப்பா ஒன்று. நான் ஒன்று. பெருந்தன்மையாக என் மச்சான் மாதேஸ்வரனுக்கு ஒன்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அவனை விட முடியாதே.

திங்கட்கிழமை கோகிலா லிஸ்டோடு வந்தாள்.

"என்னாங்க, எங்க பக்கம் அம்பத்திரண்டு போட்டோ. எல்லாம் உங்க போனுக்கு அனுப்பிட்டேன்."

"அம்பத்திரண்டா? மெஷின் தாங்காதே கோகிலா."

"எது தாங்காது?"

"மெமரி. இருபத்தேழு தலைதான் அதோட கொள்ளளவு. வேணும்னா நீயே பாரு."

என் பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராக ஏற்றினேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். பாப்பா, நான், மச்சான். இருபத்தேழு. மெஷின் சிரித்த முகத்தோடு ஓடியது. இருபத்தெட்டாவதாக அவள் சித்தப்பாவை வைத்தேன். கம்ப்யூட்டர் அப்படியே நின்றது. மவுஸ் அசையவில்லை. சித்தப்பா பாதி மூக்கோடு திரையில் நின்றார்.

"பாத்தியா? உங்க சித்தப்பா வந்தாரு, மெஷின் உசுர விட்டுருச்சி."

"ஏங்க, போன மாசம் கபடி டீமு பேனர்ல எழுவது தலை போட்டீங்களே?"

"அதுல எல்லாரும் ஒரே பனியன். ஒரே கலர்னா இடம் கம்மியா புடிக்கும்."

"கண்ணீர் அஞ்சலி ஒண்ணுல முப்பத்தாறு பேரப்புள்ளைங்க இருந்துதே?"

"எல்லாம் சின்னப் புள்ளைங்க. தலை சின்னது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சித்தப்பாவின் மூக்கைப் பார்த்தேன்.

"சரிங்க," என்றாள். "மெஷினுக்கே முடியலன்னா அதப் போட்டு வதைக்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டாண்ட புதுசா ஒரு பேனர் கடை வந்துருக்குது. அவங்ககிட்ட கொடுத்துடலாம்."

சொந்தப் பெண்ணின் காதுகுத்துக்கு எதிரிக் கடை பேனரா? கடத்தூரில் அதற்குப் பிறகு நான் கடையைத் திறப்பதா, சந்தையில் கத்தரிக்காய் விற்பதா?

"இல்ல இல்ல. ரெண்டு நாள் டைம் கொடு. ஏதாச்சும் வழி பண்றேன்."

வழி பண்ணுகிற எண்ணமே எனக்கு இல்லை. ரெண்டு நாளில் அவள் லிஸ்டைக் குறைத்துவிடுவாள் என்று நம்பினேன். அவள் குறைக்கவில்லை. மறுநாள் காலை பிளசியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பிளசி எதிர்வீட்டு புஷ்பமேரி அக்காவின் மகள். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். 'சர்வர் பாக்கறேன்' என்று அவள் சொன்னதைக் கேட்டு, இன்ஜினியரிங் படிக்க வைத்த பெண்ணுக்கு ஓட்டல் வேலையா என்று புஷ்பமேரி அக்கா ஒரு வாரம் அழுதார். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. எனக்கு அவளைப் பார்த்தாலே வேறு பயம்.

"அண்ணா, ஒரு நிமிஷம் எந்திரிங்க," என்றாள். நான் எழுந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வரி அடித்தாள். இன்னொரு வரி அடித்தாள்.

"அக்கா, மெஷின்ல ஸ்வாப்பே ஓடல. அதான் நிக்குது."

"ஏன் ஓடல?"

"செட்டிங் பைல்ல அந்த வரிக்கு முன்னாடி யாரோ ஒரு குறி போட்டு வெச்சிருக்காங்க. அப்படி போட்டா மெஷின் அந்த வரியப் படிக்காது."

கோகிலா என் பக்கம் திரும்பினாள்.

"அடிக்கடி கரண்ட் போவுதில்ல," என்றேன். "அதுல ஏதாச்சும் ஆயிருக்கும்."

"கரண்ட் போறப்ப குறி போட்டுட்டுப் போவுதா?"

இதற்கு மேல் கரண்டை நம்பிப் பயனில்லை என்று தெரிந்தது. பிளேட்டைத் திருப்பினேன்.

"சரி, உண்மையச் சொல்லிடறேன். நான்தான் நிறுத்தி வெச்சேன். பாதுகாப்புக்காக. அந்த ஸ்வாப் முதல் டிஸ்க்ல மட்டும்தான் இருக்குது. ரெய்டுல இல்ல. நடு வேலைல அந்த டிஸ்க் செத்தா, ஸ்வாப்புல நிக்கறதெல்லாம் அதோட போயிடும். மெஷினும் படுத்துக்கும். அப்பறம் ரெய்டு இருந்து என்ன புண்ணியம்? கேளு, பிளசியையே கேளு."

"அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு சரிக்கா," என்றாள் பிளசி.

எனக்கு உச்சி குளிர்ந்தது. மீசையைத் தொட்டுக்கொண்டேன். தொட்ட கை இறங்குவதற்குள் அவள் அடுத்த வரியைச் சொன்னாள்.

"அதனால ஸ்வாப்பையும் ரெய்டு மேலயே வெச்சிடலாம். அப்ப ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிக்காது. ரெண்டு டிஸ்க்லயும் சமமா இடம் இருந்தா போதும். முதல் டிஸ்க்ல பழைய ஸ்வாப் இடம் பதினாறு ஜிபி இருக்குது. ரெண்டாவதுலயும் அதே பதினாறு தனியா பிரிச்சிருக்கீங்களே அண்ணா. 'முக்கியம்'னு பேர் போட்டு."

என் உச்சி காய்ந்துவிட்டது.

"அது வேணாம் பிளசி. அது கடை விஷயம்."

"கடை விஷயம் எனக்குத் தெரியாம என்னா இருக்குது?" என்றாள் கோகிலா. "தொறம்மா."

"தொறக்காத!"

திறந்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு போட்டோ. எல்லாம் நான். பேனர் பிரிண்ட் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தர்மபுரி ஸ்டூடியோவில் நாள் பூரா எடுத்துக்கொண்டவை. கோட்டு சூட்டில் நான். வெள்ளை வேட்டி சட்டையில் நான். கறுப்புக் கண்ணாடியில் நான். வானத்தைப் பார்க்கும் நான். யாரையோ விரல் நீட்டி எச்சரிக்கும் நான்.

கோகிலா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். சிலதைப் பெரிதாக்கியும் பார்த்தாள். பிளசி ரொம்ப மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

"இது யாரப் பாத்துக் கும்புடறீங்க?" என்று கேட்டாள் கோகிலா.

"மக்கள."

"எந்த மக்கள?"

"பேனர் பாக்க வர்ற மக்கள." மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிட்டேன். "பதினோரு வருசமா ஊர்ல இருக்கறவன் மூஞ்சியெல்லாம் நான் ஏத்தறேன் கோகிலா. என் மூஞ்சி ஒரு நாளாச்சும் நின்னுதா? எம்பொண்ணு காதுகுத்துக்காச்சும் நிக்கட்டும்னு ஆசைப்பட்டேன். தப்பா?"

அவள் முகம் இளகியது. நிஜமாகவே இளகியது. நான் பார்த்தேன்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? நடுவுல நின்னுக்கோங்க. யாரு வேணாம்னது?" என்றாள். அந்தக் கும்பிடும் படத்தை மட்டும் தன் போனுக்கு ஏற்றிக்கொண்டாள். "ஒண்ணு போதும். மிச்சத்த அழிச்சிடு பிளசி."

நானூற்றுப் பதினொரு நான் ஒரு நொடியில் காலியானேன். வலிக்கத்தான் செய்தது. ஆனால் நடு இடம் கிடைத்துவிட்டதே!

பிளசி மளமளவென்று வேலையை முடித்தாள். இரண்டு டிஸ்கிலும் இருந்த பதினாறு பதினாறு ஜிபியைச் சேர்த்து ஒரு ஜோடி ஆக்கினாள். அந்த ஜோடி மேல் ஸ்வாப்பை எழுதினாள். பிறகு அதை ஓட விட்டாள். செட்டிங் பைலில் பழைய வரியை எடுத்துவிட்டுப் புது வரி போட்டாள். முன்னால் குறி எதுவும் இல்லாமல்.

"ஒரு டிஸ்க் செத்தாலும் நிக்காதுன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டாள் கோகிலா. அவளிடம் காய்கறி விற்கிறவர்களுக்குத் தெரியும், சொன்னதை நம்பி வாங்குகிறவள் இல்லை.

"இப்பவே பாத்துடலாம்க்கா," என்று பிளசி ஸ்வாப் ஜோடியில் ஒரு டிஸ்க் கெட்டுப்போனதாக மெஷினிடம் பொய் சொன்னாள். மெஷின் அலட்டிக்கொள்ளவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அதைத் திரும்பச் சேர்த்தாள். இரண்டும் மறுபடி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டு சமமாயின.

"நல்ல ஏற்பாடுதான்," என்றாள் கோகிலா. "வூட்டுல ஒருத்தர் படுத்துட்டா இன்னொருத்தர் வேலையப் பாக்கற மாதிரி."

"நம்ம வூட்டுல நீ படுத்தாலும் நீதான எந்திரிச்சிப் பாக்கற?" என்றேன் நான்.

"அதனாலதான் மெஷினப் பாத்துக் கத்துக்கோங்கன்றேன்."

அம்பத்திரண்டு பேரையும் ஏற்றினோம். மெஷின் கொஞ்சம் முனகியது. விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. ஆனால் உறையவில்லை. சித்தப்பாவுக்கு முழு மூக்கும் வந்துவிட்டது.

"இன்னும் எவ்ளோ தாங்கும்?"

"நூத்துக்கு மேலயே தாங்கும்க்கா."

பிளசி அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சாயங்காலத்துக்குள் லிஸ்ட் வளர்ந்துவிட்டது. கோகிலாவின் பெரியம்மா மருமகளின் தம்பி வந்தார். இரண்டு சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மொத்தம் நூற்று மூன்று தலை. என் மச்சான் மாதேஸ்வரன் நேராக எனக்கே போன் போட்டான்.

"மச்சான், நான் நம்ம காளையப் புடிச்சிக்கிட்டு நிக்கற போட்டோ அனுப்பியிருக்கேன். காளைய வெட்டிடாதீங்க."

"இடம் இல்ல மாதேசு. உன் தலைய மட்டும் போடறேன்."

"என் தலைய வேணா சின்னதாக்குங்க. காளைக்குக் கொம்பு முழுசா வரணும். எருது விடற விழாவுல அதுக்கு ஒரு பேரு இருக்குது."

ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, அவனைக் காளையோடு சேர்த்து வலது ஓரத்தில் கைக்குட்டை சைஸில் ஒட்டினேன். காளை நன்றாக இருந்தது.

மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு டிசைன் செய்ததில்லை. நடுவில் வெள்ளை வேட்டி சட்டையில், இரண்டு கையும் கூப்பி, எட்டடி நான். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டேன். ரொம்ப அதிகம் என்று பட்டதால் பாதியாகக் குறைத்தேன். காலடியில் பாப்பாவை உட்கார வைத்து, இன்னும் குத்தாத காதில் கம்மலும் வரைந்தேன். என்னைச் சுற்றி மற்ற தலைகள் தபால் தலைகள் மாதிரி.

கோகிலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்க."

"அவ்ளோதானா?"

"பாப்பா கம்மல் நல்லா தெரியுது. நீங்க போயி வத்தல்மலைல இருக்கற சொந்தத்துக்குப் பத்திரிக்க வெச்சிட்டு வந்துடுங்க. ரெண்டு நாளாவும். டிசைன நான் தர்மபுரிக்கு அனுப்பிச்சி பிரிண்ட் எடுத்து வெக்கறேன்."

மனைவி ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டால் ஆண்மகன் ஒருவன் நின்று யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. மலை ஏறும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "ஞாயித்துக்கெழமை கடத்தூர் பக்கம் வந்தா கோயில் வாசலப் பாருங்க," என்றேன். எதற்கு என்று கேட்டார். "வந்து பாருங்க," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்து, பேனரில் இருக்கிற அதே வெள்ளை வேட்டி சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஆட்கள் பேனரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒப்பிடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று. வாசலில் கூட்டம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாக, அடக்கமாக, கையைக் கூப்பிக்கொண்டே நடந்தேன்.

நடுவில் எட்டடிக்கு மாதேஸ்வரன் நின்றான். பக்கத்தில் காளை. கொம்பு முழுசாக. காளையின் முதுகில் பாப்பா உட்கார்ந்து சிரித்தாள். கம்மல் நன்றாகத் தெரிந்தது.

கூப்பிய கையை இறக்க மறந்து, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தலையாகத் தேடினேன். சித்தப்பா இருந்தார். பெரியம்மா மருமகளின் தம்பி இருந்தார். என் பக்கத்து இருபத்துநாலு பேரும் குறைவில்லாமல் இருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போடவும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

கோகிலா பட்டுப்புடவையில், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"கோகிலா, நான் எங்க?"

"இதோ நிக்கறீங்களே."

"பேனர்ல!"

"அதுவாங்க? டிசைனப் பாத்துட்டு எங்க அண்ணன் போன் பண்ணிச்சி. காளை கைக்குட்டை மாதிரி இருக்குதுன்னு வருத்தம். தாய்மாமன் மனசு நோவ காது குத்தலாமா? தர்மபுரில பிரிண்ட் போடறவங்ககிட்ட சொல்லி மாத்திட்டேன். அதுக்கு எட்டடி கொடுக்கணும்னா நடுவுல இருந்துதான எடுக்கணும்?"

"நடுவுல இருந்து எடுத்தா ஓரத்துலயாச்சும் வெச்சிருக்கலாமில்ல? இப்பதான் மெஷின் நூத்துக்கு மேல தாங்குதே!"

"மெஷின் தாங்கும். பேனர் பன்னெண்டுக்கு எட்டுதான?" பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். குரலில் கோபம் துளி இல்லை. "என்னாங்க, பேனர் எதுக்கு வெக்கறோம்? வர்றவங்களுக்கு யாரு யாருன்னு தெரியறதுக்கு. எங்க சித்தப்பாவ இங்க யாருக்குத் தெரியும்? உங்களத் தெரியாதவங்க கடத்தூர்ல ஒருத்தர் இருக்காங்களா, சொல்லுங்க?"

கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று தெரியாமல் நின்றேன். அவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

பக்கத்தில் நின்றவர் பேனரைக் காட்டி, "டிசைன் பிரமாதமா இருக்குது, யாரு பண்ணது?" என்று இன்னொருவரைக் கேட்டார். அந்த இன்னொருவர் கீழ் மூலையைக் காட்டினார். எறும்பு அளவில் ஒரு வரி இருந்தது. டிசைன்: மாதவராஜ் டிஜிட்டல், கடத்தூர். அப்பாடா, பேராவது ஏறியிருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்து, குனிந்து படித்தேன்.

பக்கத்தில் இருந்த போன் நம்பர் கோகிலவாணியுடையது.